சமாதானம் பேச யாரை அனுப்புவது?

வளைகுடாப் பக்கம் போர் மூண்டது என்று செய்தி வந்தால் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் முதலில் கை போவது செல்போனுக்குத்தான். ஈரானிலோ பஹ்ரைனிலோ ஓமனிலோ ஒரு படகில் வீட்டு ஆள் இருப்பார், இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பெண் அங்கே ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பாள். 2015 ஏப்ரலில் ஏமனில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது 4,600க்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கப்பலிலும் விமானத்திலும் மீட்டு வந்தார்கள். அதே மாதம் ஏமனுக்கான ஐ.நா. தூதர் ஜமால் பெனோமர் பதவியை விட்டு விலகினார். நான்கு ஆண்டுகளாகப் பேசிப் பேசிக் கட்டியது கண் முன்னே சரிந்துவிட்டது.

போன தடவை டிவியில் இப்படி ஒரு செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மாமா கேட்டார். "லே மக்கா, இந்த ஐநாக்காரனுவ நல்ல பெரிய ஆளா பாத்து ஒருத்தர அனுப்பி பேசித் தீக்கப்பிடாதா?"

"அனுப்பியிருக்காவ மாமா. அவரு சொல்லத்தான் ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான்."

"அப்ப வேற ஆள அனுப்பணும்."

நம்மில் நிறையப் பேர் நினைப்பதும் இதுதான். ஆளை மாற்றினால் சரியாகிவிடும் என்று. உலகத்தில் இதுவரை அனுப்பப்பட்ட சிறப்புத் தூதர்களின் கதைகளைப் படித்துப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. ஆள் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆளை எந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள், அந்த நாற்காலிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஆகவே தேர்ந்தெடுக்க வேண்டியது முதலில் நாற்காலியை, அப்புறம்தான் ஆளை.

நாற்காலிகள் நான்கு வகை என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று, ஐ.நா. பொதுச்செயலாளர் அனுப்புகிற சிறப்புத் தூதர். இவரிடம் படை கிடையாது, ஒரு சின்ன அலுவலகமும் பாதுகாப்பு மன்றத்தின் தீர்மானமும்தான் கையில். இரண்டு, பொதுச்செயலாளரின் சிறப்புப் பிரதிநிதியாக ஓர் அமைதிப் பணிக்கே தலைமை தாங்குகிறவர்; படைத் தளபதி, போலீஸ், தேர்தல் அதிகாரிகள் எல்லாரும் அவருக்குக் கீழே. மூன்று, வல்லரசு ஒன்று தன் ஆளை அனுப்புவது. நான்கு, நார்வே மாதிரி ஒரு சின்ன நாடு, அல்லது பதவியில் இல்லாத ஒரு மூத்த தலைவர், அல்லது அந்தப் பிராந்தியத்துப் பெரியவர்கள் கூடி நடத்துவது.

இதில் எது நல்லது என்று ஒப்பிட ஒரு வழி இருக்கிறது. ஒரே மனிதர் வெவ்வேறு நாற்காலியில் உட்கார்ந்தபோது என்ன ஆனது என்று பார்ப்பது. அப்படிப் பார்க்க வசதியாகச் சிலர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் நம் கடற்கரைக்கே வேண்டாத வகையில் பழக்கமானவர்.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் 'என்ரிக்கா லெக்ஸி' என்ற இத்தாலியக் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள் சுட்டதில் 'செயின்ட் ஆன்டனி' படகில் இருந்த இரண்டு மீனவர்கள் செத்தார்கள். ஒருவர் கொல்லம், இன்னொருவர் நம் மாவட்டம். அந்த வழக்கைக் கவனிக்க இத்தாலி திரும்பத் திரும்ப அனுப்பி வைத்தவர் ஸ்டாஃபான் டி மிஸ்துரா. அதற்கு முன்பு ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ஐ.நா. பணிக்குத் தலைமை தாங்கியவர், பல மொழி பேசுகிறவர், பேச்சுவார்த்தையில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆனால் இங்கே அவர் நடுவர் இல்லை, ஒரு தரப்பின் ஆள். தன் நாட்டு வீரர்களை மீட்டுக்கொண்டு போவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. 2013 மார்ச்சில் ஓட்டுப் போட ஊருக்குப் போன அந்த இருவரையும் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று இத்தாலி அறிவித்து, பெரிய தகராறாகி, கடைசியில் அவர்களைத் திரும்ப டெல்லிக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான். வழக்கு கடைசியில் தூதரால் தீரவில்லை, சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்தில்தான் தீர்ந்தது; 10 கோடி ரூபாய் இழப்பீடு வந்தபின் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இங்குள்ள வழக்கை முடித்து வைத்தது. ஒரு நாடு தன் காரியத்துக்காக அனுப்புகிற தூதர் வேறு, இரண்டு பக்கத்துக்கும் நடுவே உட்காருகிற தூதர் வேறு. 'சிறப்புத் தூதர்' என்ற பெயர் இரண்டுக்கும் ஒன்றாக இருப்பதால் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அதே டி மிஸ்துரா 2014 ஜூலையில் சிரியாவுக்கான ஐ.நா. சிறப்புத் தூதர் ஆனார். இப்போது நடுவர் நாற்காலி. அவருக்கு முன்னால் அதில் உட்கார்ந்தவர்கள் சாதாரண ஆட்களா? கோஃபி அன்னான், ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர், நோபல் பரிசு வாங்கியவர்; 2012 பிப்ரவரியில் வந்து ஆகஸ்டில் விலகுவதாக அறிவித்துவிட்டார். அடுத்து அல்ஜீரியாவின் லக்தார் பிராஹிமி, லெபனான் உள்நாட்டுப் போரை முடித்த தாயிஃப் உடன்பாட்டுக்கு உழைத்தவர். 2014இல் சிரிய மக்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு விலகினார். டி மிஸ்துரா நான்கு ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தார். பிறகு நார்வேயின் கெய்ர் பெடர்சன். இவர்களை எல்லாம் விடப் பெரிய ஆளை எங்கே போய்த் தேடுவது? 2024 டிசம்பர் 8 அன்று அசாத் ஆட்சி விழுந்தது பேச்சுவார்த்தை மேசையில் இல்லை, கிளர்ச்சிப் படை டமாஸ்கஸுக்குள் நுழைந்ததால்.

தோற்றதற்குக் காரணம் ஆள் இல்லை என்பது இங்கே பட்டவர்த்தனம். பாதுகாப்பு மன்றத்தில் ரஷ்யாவும் சீனாவும் ஒரு பக்கம், அமெரிக்காவும் மற்றவர்களும் ஒரு பக்கம். தூதருக்குப் பின்னால் நிற்க வேண்டிய கை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அது போதாதென்று 2017 ஜனவரியில் ரஷ்யாவும் துருக்கியும் ஈரானும் சேர்ந்து கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானாவில் தனிப் பேச்சைத் தொடங்கின. ஜெனீவாவில் ஒரு வாசல், அஸ்தானாவில் ஒரு வாசல். பேச வருகிறவனுக்கு இரண்டு வாசல் இருந்தால் எந்த வாசலில் தன் காரியம் லேசாக முடியுமோ அதில்தான் நுழைவான். முதல் வகை நாற்காலியின் பெரிய பலவீனம் இதுதான்: பெரிய நாடுகள் ஒத்துப்போகாதபோது, 'நாங்களும் ஏதோ செய்துகொண்டிருக்கிறோம்' என்று காட்டுவதற்கு ஒரு தூதரை அனுப்பிவிட்டு அவரைத் தனியாக விட்டுவிடுவார்கள்.

இரண்டாம் வகைக்கு வருகிறேன், படையோடு போகிறவர். இதற்கு ஜப்பானின் யசுஷி அகாஷியைப் பார்க்கலாம். 1991 அக்டோபரில் பாரீஸில் கம்போடியா உடன்பாடு கையெழுத்தானது. அமெரிக்கா, சோவியத் யூனியன், சீனா எல்லாமே கையெழுத்துப் போட்டன. அதை நடைமுறைப்படுத்த ஏறக்குறைய 22,000 பேர் கொண்ட ஐ.நா. பணி 1992இல் போனது, தலைவர் அகாஷி. அந்த ஆண்டு மே மாதம் அவரும் படைத் தளபதி சாண்டர்சனும் பைலின் பக்கம் காரில் போகும்போது வழியில் குறுக்கே ஒரு மூங்கில் கழி. அதைப் பிடித்துக்கொண்டு கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கொரில்லா இயக்கத்தின் பையன்கள் சிலர். அவர்கள் விடவில்லை, இவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். உலகமே கேலி பேசியது. படை இருந்தும் ஒரு மூங்கிலைத் தூக்க முடியவில்லையா என்று. படையின் துணைத் தளபதியாக இருந்த பிரெஞ்சு ஜெனரல் அடித்தே தீர வேண்டும் என்றார், அவரை மாற்றினார்கள். அகாஷி கெமர் ரூஜை விட்டுவிட்டுத் தேர்தல் வேலையைத் தொடர்ந்தார். 1993 மே மாதம் தேர்தல் நடந்தது, கிட்டத்தட்ட 90 சதவீத வாக்காளர்கள் வந்து ஓட்டுப் போட்டார்கள். சீனா கெமர் ரூஜைக் கைவிட்டிருந்ததால்தான் அந்த மூங்கிலைச் சுற்றிக்கொண்டு போக முடிந்தது என்பது என் கணிப்பு.

அதே அகாஷியை 1994இல் முன்னாள் யுகோஸ்லாவியாவுக்கு அனுப்பினார்கள். நாற்காலியின் பெயர் அதே சிறப்புப் பிரதிநிதிதான். ஆனால் அங்கே காப்பாற்றுவதற்குச் சமாதானமே இல்லை, போர் நடந்துகொண்டிருந்தது. விமானத் தாக்குதல் வேண்டுமென்றால் ஐ.நா.வும் நேட்டோவும் இரண்டு பேரும் சரி சொல்ல வேண்டும் என்ற இரட்டைச் சாவி ஏற்பாடு. 'பாதுகாப்புப் பகுதி' என்று ஐ.நா.வே அறிவித்த போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் 1995 ஜூலையில் சுமார் 8,000 ஆண்களும் பையன்களும் கொல்லப்பட்டார்கள். கம்போடியாவில் பொறுமை என்று பாராட்டப்பட்ட அதே குணம் போஸ்னியாவில் கோழைத்தனம் என்று திட்டு வாங்கியது. அகாஷி மாறவில்லை. அவர் கையில் கொடுத்த வேலைதான் மாறிவிட்டது.

ஆக, படையோடு போகிற நாற்காலி போருக்கு நடுவே போட வேண்டியது இல்லை, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு போட வேண்டியது. நமீபியாவும் இதற்குச் சாட்சி. 1989இல் அங்கே பின்லாந்தின் மார்ட்டி அஹ்திசாரி சிறப்புப் பிரதிநிதி, படைத் தளபதி நம் நாட்டு லெப்டினன்ட் ஜெனரல் பிரேம் சந்த். பணி தொடங்கிய ஏப்ரல் 1ஆம் தேதியே, தென்னாப்பிரிக்காவின் பிடியிலிருந்து நமீபியாவை விடுவிக்கப் போராடிய ஸ்வாப்போ இயக்கத்துப் போராளிகள் அங்கோலா எல்லையைத் தாண்டி வந்துவிட்டார்கள். செலவுக் கணக்கில் இழுத்தடித்ததால் ஐ.நா. படையின் பெரும்பகுதி வந்து சேரவே இல்லை. வேறு வழியில்லாமல் தென்னாப்பிரிக்கப் படையை முகாமிலிருந்து வெளியே விட அஹ்திசாரி ஒப்புக்கொண்டார், நூற்றுக்கணக்கான போராளிகள் செத்தார்கள். அவர் மேல் அந்தக் கறை வெகுகாலம் இருந்தது. இருந்தும் பணி நிற்கவில்லை. நவம்பரில் தேர்தல், 1990 மார்ச் 21இல் சுதந்திரம். முதல் நாளே இவ்வளவு பெரிய அடி வாங்கியும் எழுந்து நிற்க முடிந்ததற்குக் காரணம், ஒப்பந்தத்தை எல்லாத் தரப்பும் உண்மையிலேயே விரும்பின. சிவில், ராணுவம் இரண்டும் ஒரே ஆளின் கீழ் இருந்தன.

வல்லரசின் தூதர் என்ற மூன்றாம் வகைக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அவர் பேசினால் கேட்பார்கள். 1995 நவம்பரில் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஹோல்ப்ரூக் போஸ்னியா, செர்பியா, குரோஷியா தலைவர்களை ஒஹையோவில் டேட்டன் நகருக்கு அருகே ஒரு விமானப்படைத் தளத்தில் மூன்று வாரம் உட்கார வைத்து ஒப்பந்தம் வாங்கினார். அதற்குச் சற்று முன்புதான் நேட்டோ விமானங்கள் குண்டு போட்டிருந்தன, ஒப்பந்தத்துக்குப் பின் 60,000 பேர் கொண்ட நேட்டோ படை இறங்கியது. இப்படிப்பட்ட பலம் எந்த ஐ.நா. தூதருக்கும் கிடைக்காது.

ஆனால் இந்த வகையில் என் மனதுக்கு நெருக்கமானவர் ஜார்ஜ் மிட்செல். கிளின்டன் அனுப்பிய ஆள், ஆனால் வட அயர்லாந்தில் அவர் உட்கார்ந்தது அமெரிக்காவின் நாற்காலியில் இல்லை. பிரிட்டிஷ், ஐரிஷ் அரசுகள் இரண்டும் அழைத்துத் தலைமை தாங்கச் சொன்ன நாற்காலி; பக்கத்தில் கனடாவின் ஜெனரல் ஒருவரும் பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஒருவரும். 1996 ஜூனில் தொடங்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத கட்சிகளின் பேச்சை உட்கார்ந்து கேட்டார், வெளிநடப்பு செய்தால் திரும்பி வரும்வரை காத்திருந்தார். ஆயுதக் குழுக்களோடு தொடர்புள்ள சின்னக் கட்சிகளும் 1996இல்தான் தொடங்கிய ஒரு பெண்கள் கட்சியும்கூட அந்த மேசையில் இருந்தார்கள். கடைசியில் 1998 ஏப்ரல் 9 நள்ளிரவைக் கெடுவாக வைத்தார், 10ஆம் தேதி ஒப்பந்தம் வந்தது. அன்றிரவு கிளின்டன் ஒவ்வொரு தலைவருக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தார். வல்லரசு பின்னால் நின்று தோள் கொடுத்தது, முன்னால் வந்து மேசையைப் பிடித்துக்கொள்ளவில்லை.

இதே மிட்செலை ஒபாமா 2009 ஜனவரியில் மத்திய கிழக்குக்கு அனுப்பினார். 2011 மே மாதம் வெறுங்கையோடு விலகினார். அங்கே அழைத்தது இரண்டு தரப்பும் இல்லை, காசாவை ஆண்ட ஹமாஸ் மேசையிலேயே இல்லை, அவரை அனுப்பிய வாஷிங்டனே ஒரு பக்கத்தின் பழைய கூட்டாளி. ஆளை மாற்றுவதால் மட்டும் ஆகாது என்று நான் சொல்வதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

வல்லரசுத் தூதரின் மோசமான பக்கமும் உண்டு. 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்கத் தூதர் சல்மாய் கலீல்சாத் தாலிபானோடு ஒப்பந்தம் போட்டார். அமெரிக்கா ஒரு பக்கம், தாலிபான் ஒரு பக்கம். ஆப்கன் அரசு அந்த மேசையிலேயே இல்லை. அமெரிக்காவுக்கு வேண்டியது வெளியே போவது, அது கிடைத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15இல் காபூல் விழுந்தது. அனுப்புகிற நாட்டுக்கு அவசரம் வந்துவிட்டால் தூதர் அந்த அவசரத்தையும் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுபோவார்.

இதை நாம் தூரத்துக் கதையாகப் படிக்க முடியாது. 1983 கலவரத்துக்குப் பிறகு இந்திரா காந்தி ஜி.பார்த்தசாரதியைச் சிறப்புத் தூதராகக் கொழும்புக்கு அனுப்பினார். பொறுமையாக அதிகாரப் பகிர்வுக்கு ஒரு வரைவு வரை கொண்டுவந்தார். பிறகு ஆட்சி மாறி, தூதர் மாறி, 1987 ஜூலை 29இல் ஒப்பந்தம் ஆனபோது கையெழுத்திட்டதே இந்தியாவும் இலங்கையும்தான், தமிழர் தரப்பு அதில் கையெழுத்துப் போடவில்லை. நடுவரும் இந்தியா, உத்தரவாதம் கொடுத்ததும் இந்தியா, படை அனுப்பியதும் இந்தியா. மூன்று வேலையையும் ஒரே நாடு தலையில் ஏற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 1990 மார்ச்சில் அந்தப் படை திரும்பி வருவதற்குள் 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும் எண்ணிக்கை சரியாகத் தெரியாத அளவு தமிழ் மக்களும் உயிரைக் கொடுத்துக் காட்டினார்கள்.

நான்காம் வகையைத்தான் நான் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இதில்தான் வெற்றியும் தோல்வியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 காலையில் குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் அடித்த அதே அலைதான் இலங்கையின் கிழக்குக் கரையையும் இந்தோனேசியாவின் ஆச்சேயையும் அடித்தது. மணக்குடிப் பாலம் சரிந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த அலை எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆச்சேயிலும் இலங்கையிலும் அப்போது ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது, அல்லது பாதியில் நின்றிருந்தது. ஆச்சேயில் எட்டே மாதத்தில் சமாதானம் வந்தது. இலங்கையில் இருந்த சமாதானமும் போனது. இரண்டிலும் நடுவர் வட ஐரோப்பாவின் சின்ன நாட்டுக்காரர்தான்.

இலங்கையில் நார்வே. எரிக் சொல்ஹெய்ம் ஓடி ஓடி உழைத்து 2002 பிப்ரவரி 22 அன்று போர்நிறுத்தம் கொண்டுவந்தார். துப்பாக்கிச் சத்தம் நின்றது, ஏ9 சாலை திறந்தது, அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்தவர்கள் எவ்வளவு நம்பிக்கையோடு பேசினார்கள். ஆறு சுற்றுப் பேச்சு நடந்தது. 2003 ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த நன்கொடை நாடுகளின் கூட்டத்துக்குப் புலிகளைக் கூப்பிடவில்லை, அங்கே அவர்களுக்குத் தடை. அந்த மாதமே அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஜப்பானும் தன் பங்குக்கு அகாஷியையே சிறப்புத் தூதராக அனுப்பியிருந்தது. டோக்கியோ மாநாட்டில் 450 கோடி டாலர் தருவதாகச் சொன்னார்கள், புலிகள் வரவே இல்லை. கொழும்பிலும் ஜனாதிபதி ஒரு கட்சி, பிரதமர் ஒரு கட்சி. சுனாமி நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிட 2005 ஜூனில் ஒரு உடன்பாடு போட்டார்கள், அடுத்த மாதமே இலங்கை உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை நிறுத்திவைத்தது.

இன்னொரு கோளாறும் இருந்தது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பேச்சை நடத்துவதும் நார்வே, போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கிற குழுவுக்குத் தலைமையும் நார்வே. யார் மீறினார்கள் என்று தீர்ப்புச் சொன்னால் பேச்சு கெடும், சொல்லாவிட்டால் கண்காணிப்பு கெடும். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், ஒன்றியத்து நாடுகளான ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் ஆட்கள் வெளியேற வேண்டும் என்றார்கள் புலிகள். மிச்சம் நார்வேயும் ஐஸ்லாந்தும். 2008 ஜனவரியில் அரசு போர்நிறுத்தத்தையே கைவிட்டது. 2009இல் என்ன நடந்தது என்று தமிழில் வாசிக்கிற யாருக்கும் தெரியும்.

ஆச்சேயில் நடுவர் அஹ்திசாரி, அதே நமீபியாக்காரர், இப்போது பதவி எதுவும் இல்லாமல், தன் சொந்த அமைப்பின் பேரில். 2005 ஜனவரி முதல் ஜூலை வரை ஹெல்சின்கிக்கு அருகே ஐந்து சுற்று. முதலிலேயே ஒரு நிபந்தனை வைத்தார்: எல்லாவற்றிலும் ஒத்துப்போகும்வரை எதிலும் ஒத்துப்போனதாகக் கணக்கில்லை. போர்நிறுத்தம் முதலில், அரசியல் பின்னால் என்று இலங்கையில் போட்ட வரிசையை அவர் போடவில்லை. சுதந்திரம் என்ற கோரிக்கையை ஆச்சே இயக்கம் விட்டது, தன்னாட்சியும் உள்ளூர்க் கட்சிகளும் என்று ஜகார்த்தா இறங்கி வந்தது. ஆகஸ்ட் 15இல் கையெழுத்து. இயக்கம் 840 ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று எண்ணிக்கையே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அதைச் சரிபார்த்தது அஹ்திசாரி இல்லை. ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகள் ஐந்தும் சேர்ந்த தனிக் கண்காணிப்புக் குழு. அந்த வருஷக் கடைசிக்குள் ஆயுதங்கள் அறுத்துத் துண்டாக்கப்பட்டன.

சுனாமியால் மனம் மாறியது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அலை இரண்டு இடத்திலும் அடித்ததே. ஆச்சேயில் ராணுவ ரீதியாக இயக்கம் களைத்திருந்தது, ஜகார்த்தாவில் துணை அதிபர் யூசுஃப் கல்லா உண்மையிலேயே முடிக்க நினைத்தார், வாசல் ஒன்றே ஒன்றாக இருந்தது. நடுவரின் திறமை இதன் மேல்தான் வேலை செய்தது.

வாசல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை வாய்விட்டுக் கேட்டு வாங்கியவர் கோஃபி அன்னான். 2007 தேர்தலுக்குப் பின் கென்யாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பல லட்சம் பேர் வீடிழந்தார்கள். ஆப்பிரிக்க ஒன்றியம் மூன்று பேரை அனுப்பியது: அன்னான், தான்சானியாவின் முன்னாள் அதிபர் ம்காபா, மொசாம்பிக்கின் கிராசா மாஷேல். வேறு யாரும் தனியாகச் சமாதானம் பேசக் கூடாது, உதவுவதென்றால் எங்கள் வழியாக உதவுங்கள் என்று அன்னான் உறுதியாக நின்றார். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் நைரோபிக்கு வந்தார், ஆனால் அன்னானுக்கு வலுச் சேர்க்கத்தான். பேச்சுக் குழுக்கள் இழுத்தபோது அவர்களை ஓரமாக வைத்துவிட்டு அதிபர் கிபாகியையும் எதிர்த்தரப்புத் தலைவர் ஒடிங்காவையும் மட்டும் அறையில் உட்கார வைத்தார். 41 நாளில், 2008 பிப்ரவரி 28இல் முடிந்தது. நான்கு ஆண்டு கழித்து இதே மனிதர்தான் சிரியாவில் ஆறே மாதத்தில் கைவிட்டார்.

நம் மாவட்டத்துக்கும் இப்படி ஒரு தூதர் வந்திருக்கிறார். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் கலவரம் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போய், கடற்கரை ஊர்களும் உள்ளூர்களும் ஒன்றை ஒன்று பார்த்துப் பயந்து கிடந்த நேரத்தில் குன்றக்குடி அடிகளார் இங்கே வந்து அமைதிப் பணி செய்தார். சைவ மடத்தின் தலைவர், மீனவக் குடிசைகளுக்குள் போய் உட்கார்ந்தார். அவர் இந்த மாவட்டத்துக்காரர் இல்லை, இங்கே அவருக்கு நிலமோ ஓட்டோ கிடையாது. யார் குற்றவாளி என்று விசாரிப்பது அவர் வேலையாகவும் இல்லை. அதற்கு நீதிபதி வேணுகோபால் ஆணையம் தனியாக இருந்தது. காயத்துக்கு மருந்து போடுகிறவரும் விசாரிக்கிறவரும் வேறு வேறு ஆளாக இருந்தது, ஆச்சேயில் நடுவரும் கண்காணிப்பாளரும் வேறு வேறாக இருந்ததைப் போலவே, சரியான ஏற்பாடு என்று நினைக்கிறேன்.

இன்றைக்கும் விசைப்படகுக்கும் வள்ளத்துக்கும் வலைத் தகராறு வந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் போடுகிறார்கள். ஒரு பக்கம் இவர்கள், ஒரு பக்கம் அவர்கள், நடுவில் கோட்டாட்சியர், மீன்துறை, போலீஸ். தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் வாங்குகிறார்கள். அது நிற்பதும் போவதும், சொன்ன நேரத்துக்கு முன்னால் கடலுக்குப் போன படகை மறுநாள் யார் போய்ப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஹெல்சின்கியில் போட்ட கையெழுத்தும் அப்படித்தான் நின்றது.

சரி, என் தேர்வு என்ன? போர் நடந்துகொண்டிருக்கும்போது நான் நான்காம் வகையைத்தான் கேட்பேன்: பதவி ஆசை இல்லாத ஒரு மூத்தவர், அல்லது இரண்டு பக்கமும் சேர்ந்து அழைக்கிற ஒருவர், கூடவே குறைந்தது ஒரு பெரிய நாடாவது பின்னால் நின்று போன் போடத் தயாராக இருக்க வேண்டும். நார்வேக்கு இலங்கையில் இல்லாமல் போனது இந்தக் கடைசி விஷயம்தான். ஒப்பந்தம் ஆன பிறகு இரண்டாம் வகைக்கு மாற வேண்டும், முழு அதிகாரத்தோடு ஒரே சிறப்புப் பிரதிநிதி, படையும் சிவில் ஆட்களும் அவருக்குக் கீழே, முதல் நாளுக்கு முன்பே ஆட்கள் களத்தில் இறங்கியிருக்க வேண்டும். வல்லரசு நேரடியாக மேசைக்குத் தலைமை ஏற்பதை, டேட்டன் மாதிரி வேறு வழியே இல்லாத கட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வேன், அப்போதும் போரில் அடிபடுகிற தரப்பு அந்த அறைக்குள் இருந்தால் மட்டும்.

பெரிய நாடுகள் ஒத்துப்போகவில்லை, வாசலும் ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்றால் என்ன செய்வது? ஐ.நா.வின் தனித் தூதர்தான் மிச்சம். அவரை அனுப்பலாம், ஆனால் போரையே முடிக்கச் சொல்லி அனுப்பக் கூடாது. ஏமனில் அப்படித்தான் கொஞ்சமாவது நடந்தது. 2020 அக்டோபரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் மாற்றிக்கொள்ளப்பட்டார்கள், செஞ்சிலுவைச் சங்கம் விமானத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2022 ஏப்ரலில் தூதர் ஹான்ஸ் கிரண்ட்பெர்க் இரண்டு மாதப் போர்நிறுத்தம் வாங்கினார். ஹுதைதா துறைமுகத்துக்கு எரிபொருள் கப்பல் வந்தது, சனா விமான நிலையத்திலிருந்து பயணிகள் விமானம் பறந்தது. அக்டோபரில் அதைப் புதுப்பிக்க முடியவில்லை, இருந்தும் பழைய அளவுக்குப் பெரிய சண்டை உடனே திரும்பவில்லை.

அடுத்த தடவை நம் மாவட்டத்திலிருந்து எம்.பி.க்கோ வெளியுறவுத் துறைக்கோ யாராவது மனு எழுதினால், 'சமாதானத்துக்கு நடவடிக்கை எடுங்கள்' என்று பொதுவாக எழுதாமல், பேசப் போகிற தூதரின் முதல் பட்டியலில் கைதிகளோடு சேர்த்து வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளில் சிக்கியிருக்கும் தொழிலாளர்களையும் ஆஸ்பத்திரி ஊழியர்களையும் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். எந்தத் துறைமுகம், எத்தனை பேர், எந்தப் படகு, முதலாளி யார், பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்பதையும் ஊர்க்கமிட்டி வழியாகத் திரட்டி மனுவோடு இணைத்துவிடுங்கள்.